எறும்புண்ணியும் நம் நாட்டு அழுங்கும்

பள்ளிப் பிள்ளைகள் படப்புத்தகத்திலுள்ள பெரிய எறும்புண்ணியைக் காட்டி, இது நம் பக்கத்தில் உண்டா என்று வினவுவதுண்டு. அப்பிராணி நம் நாட்டதன்று. தென் அமெரிக்காவின் புல்வெளிகளிலும் காடுகளிலும் வாழ்வது. மூக்கு முதல் வால் நுனி வரை ஏறக்குறைய 2 மீட்டர் நீளமுடையது. உடல் முழுதும் முரட்டு மயிர், வாலோ பெருஞ்சடை. வாயில் ஒரு பல்லேனும் இல்லை. 60 செண்டிமீட்டர் நீளமுள்ள நாக்கை நிமிஷத்திற்கு 150 தடவை வரையில் நீட்டி இழுத்து, நாளொன்றுக்கு 30,000 எறும்பு, கறையான் வரையில் உட்கொள்ளும். ஒரு புற்றில் அதிக நேரம் நில்லாது. காவற் கறையான்கள் திரண்டு கடிக்கத் தொடங்குமுன் அடுத்த புற்றை நாடிவிடும். ஆகவே புற்று அடியோடு அழிவதில்லை. பின்னொரு நாள் மறுபடியும் இரை தரும். கொறங்காட்டைக் கிளுவை வேலியால் பிரித்து முறை வைத்து மேய்க்கும் காங்கயம் பகுதிக் குடியானவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

இதே தொழிலை நம் நாட்டிற் செய்வது அழுங்கு. அலுங்கு என்றும் எறும்புதின்னி என்றும் வழங்குவர். இரண்டும் ஒரு குலத்தனவல்ல. அழுங்கு நாய், பூனை முதலிய ஊனுண்ணிகளுக்கே நெருங்கிய உறவு. எனினும் ஒரே வகை இரையானது நீண்ட நாக்கையும், பல்லற்ற வாயையும், மண் தோண்டும் நகங்களையும் இருவேறு குலங்களுக்கும் அளித்திருக்கின்றது.

அழுங்கின் மேனி ஓட்டு வீட்டின் கூரை போன்று ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய செதில்களால் மூடப்பட்டது. பகலில் வளையில் உறங்கி, இரவில் மோப்பத்தினால் புற்றைக் கண்டு, முன்னங்கால் நகங்களால் பிளந்து, பசை போன்ற உமிழ்நீர் தோய்ந்த நாக்கினால் கறையான், எறும்பு, அவற்றின் முட்டை யாவற்றையும் வாரியெடுக்கும். அப்போது செவித்துளைகளையும் மூக்குத்துளைகளையும் மூடிக்கொள்ளும். பல் இல்லாமையால், கோழியின் மண்ணீரைப்பையைப் போலவே, இரையோடு சென்ற மணலும் சிறுகல்லும் வயிற்றில் அரைக்கும் வேலையைச் செய்கின்றன. பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி. அது தாயின் வாலடியைப் பற்றிச் சவாரி செய்யும். பிள்ளைகள் இதனைக் கேட்டு மகிழாதிருக்க மாட்டார்கள்.

இனி நிலவுடையோர் கருத வேண்டியது. வேர்க்கடலை, கரும்புக் கரணை, தென்னங்கன்று ஆகியவற்றைக் கறையான் அரிப்பது யாவரும் அறிந்ததே. கறையான் முழுதும் பகையன்று. காய்ந்த சருகையும் கட்டையையும் மண்ணாக்குவதும் அதுவே. அதனை அளவில் வைக்க, கூலி கேளாது இரவில் உழைக்கும் பிராணி அழுங்கு.

இப்பிராணி பகைவரைக் கண்டால் ஓடாது, பந்து போற் சுருண்டுகொள்ளும். சிறுத்தையின் பல்லுக்கும் எளிதில் வழிவிடாத அவ்வுபாயம் மனிதனிடத்தில் மட்டும் விபரீதமாய் முடிகின்றது. சாக்கிலிட்டு எடுத்துச் செல்ல எவராலும் இயலும். செதில் மருந்தென்றும், மோதிரமாக அணிந்தால் மூலம் தீருமென்றும் சொல்வது வெறும் பேச்சு. நம் விரல் நகமும், காங்கயம் காளையின் கொம்பு மேலோடும் எப்பொருளோ, செதிலும் அப்பொருளே. நகத்தைத் தின்று நோய் தீர்ந்தவர் எவருமிலர். ஆயினும் இதன் பொருட்டே கடத்தல் மிகுந்தமையால், 2016-ஆம் ஆண்டு ஜொஹன்னஸ்பர்க் மாநாட்டில் எல்லா அழுங்கு இனங்களின் பன்னாட்டு வியாபாரமும் விலக்கப்பட்டது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இது உள்ளது. கொல்வோருக்கும் விற்போருக்கும் 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. கூண்டில் வளர்ப்பதும் எளிதன்று. ஒடிசாவின் நந்தன்கானனில் 2009-இல் இதற்கெனத் தனி இனப்பெருக்க நிலையமே அமைக்க வேண்டியிருந்தது.

மின்வேலியும் இதற்குக் கூற்றுவன். கீழ்க்கம்பி பட்டவுடன் விலகாமல் கம்பியின் மீதே சுருண்டு மாள்வதைத் தென்னாப்பிரிக்காவில் கண்டிருக்கிறார்கள். பன்றிக்கென நேர் மின்சாரம் பாய்ச்சுவது எவ்விடத்தும் குற்றமாகும்.

உடுமலை, அமராவதி வனச்சரகங்களை அடுத்த கிராமங்களிலேனும் பிறவிடங்களிலேனும் கிணற்றிலோ தோட்டத்திலோ அழுங்கு அகப்பட்டால், நாய்களைக் கட்டிவைத்து, கூட்டத்தை விலக்கி, சுருண்ட பிராணியைப் பிரிக்க முயலாது விடுக. கிராம நிர்வாக அலுவலர் உடனே வனச்சரக அலுவலருக்குத் தெரிவித்து, வனத்துறையினர் வரும்வரை காவல் ஏற்படுத்துவாராக.