தெரியும்... தெரிஞ்சுது... ஃபிரெஞ்ச்சில் குழப்பும் ரெண்டு இறந்தகாலம்!

ஃபிரெஞ்ச் கத்துக்கிற பலரும் திணறும் இடம், இறந்தகாலம். பேச்சில் அதிகம் வருவது ரெண்டு: பஸே கொம்போஸே, அம்பார்ஃபே. எது ரொம்ப நாள் முன்னாடி நடந்ததுனு யோசிச்சா விடை கிடைக்காது. நடந்ததை எப்படிப் பார்க்கிறோம் என்பதுதான் மேட்டர்.

‘தூங்கிட்டிருந்தேன், போன் அடிச்சுது.’ தூக்கம் பின்னணி, அதற்கு அம்பார்ஃபே. போன் அடிச்சது ஒரு சம்பவம். அதற்கு பஸே கொம்போஸே.

பழைய பழக்கத்துக்கும் அம்பார்ஃபேதான். ‘சின்ன வயசுல தினமும் பீச்சுக்குப் போவேன்’னு சொல்றோமே, அந்தப் ‘போவேன்’ ஃபிரெஞ்ச்சில் ‘ஜலே’. ‘நேத்து போனேன்’ என்றால் ‘ஜ ஸ்வி அலே’.

இங்கே ஒரு பொறி இருக்கு. ரொம்ப நாள் நீடிச்சா அம்பார்ஃபேனு நினைக்காதீங்க. ‘மூணு வருஷம் பாரிஸ்ல வேலை பார்த்தேன்’ என்பது முடிஞ்சுபோன கணக்கு. அதனால் பஸே கொம்போஸே.

காலம் மாறினால் அர்த்தமே மாறும் வினைச்சொற்களும் உண்டு. தோழிக்கு உடம்பு சரியில்லைனு உங்களுக்கு நேத்துதான் தகவல் வருது. ‘ஜே ஸு’ என்றால் ‘தெரியவந்தது’. வாய் தவறி ‘ஜ சவே’னு சொன்னா, ‘எனக்கு அப்பவே தெரியும்’னு ஆகிடும். ‘அப்போ ஏன் ஒரு போன்கூட பண்ணலை?’னு அவங்க கோபப்பட்டா நியாயம்தானே!

சந்தேகம் வந்தா, முதல்ல தமிழில் சொல்லிப் பாருங்க. ‘செஞ்சிட்டிருந்தேன்’, ‘செய்வேன்’, ‘அப்பவே தெரியும்’ பொருந்தினால் அம்பார்ஃபே. ‘செஞ்சேன், முடிஞ்சுது’ என்றால் பஸே கொம்போஸே.