டிஸ்க் 1 இல்லை, டிஸ்க் 2

போன எபிசோட்டில் பார்ட்டிஷன் பற்றிக் கதைக்கும்போது, "தெரிஞ்ச ஒரு வீட்டில இப்பிடி நடந்தது" என்று சொல்லிவிட்டு அடுத்த விசயத்துக்குப் போய்விட்டேன். அது எங்கட வீடுதான். மைக்குக்கு முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. எழுத்தில் சொல்லலாம்.

அப்பாவின் லப்டொப்புக்குப் பத்து வயது. வின்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. அந்த மெஷினில் வின்டோஸ் 11 ஏறாது. புதுசு வாங்கித் தரவா என்று கேட்டால், "இது நல்லாத்தானே வேலை செய்யுது, ஏன் காசைக் கரியாக்கிறாய்?" என்பார். சரி, லினக்ஸ் மின்ட் போடுவோம் என்று நினைத்தேன். ஆனால் வின்டோஸை முழுசாக எடுக்கவும் விடமாட்டார். ஊர்ச் சங்கத்தின் அறிவித்தல்கள் எல்லாம் வருசக்கணக்காக வேர்டில், பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருக்கிறார். அது இருந்த இடத்தில் இருக்கவேணும். ஆகவே ஒரே ஹாட் டிஸ்க்கில் இரண்டுக்கும் இடம் பிரிக்க வேண்டிவந்தது.

பார்ட்டிஷன் என்றால் என்ன என்று கேட்டார். "ஒரு காணியை ரெண்டாப் பிரிக்கிற மாதிரி" என்றேன். "அப்ப வேலிச் சண்டை வரும்" என்றார்.

வந்தது. 465 ஜிபி டிஸ்க், அதில் 300 ஜிபிக்கு மேல் வெறுமையாக இருந்தது. டிஸ்க் மனேஜ்மென்டில் 'ஷ்ரிங்க்' கொடுத்தால் 9 ஜிபிதான் தரலாம் என்கிறது. உங்களில் பலர் இந்த இடத்தில்தான் கைவிட்டிருப்பீர்கள். இடம் இல்லாததல்ல பிரச்சினை. அசைக்க முடியாத சில கோப்புகளை வின்டோஸ் டிஸ்க்கின் நடுவில் போட்டு வைத்திருக்கும்: ஹைபர்னேட் கோப்பு, பேஜ் ஃபைல், ரிஸ்டோர் பொயின்ட்கள். வேலியை அந்தக் கோப்பு வரைக்கும்தான் தள்ளலாம், அதைத் தாண்டி ஏலாது. ஹைபர்னேட்டை நிறுத்தி, பேஜ் ஃபைலைத் தற்காலிகமாக எடுத்து, பழைய ரிஸ்டோர் பொயின்ட்களை அழித்து, ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். 110 ஜிபி கிடைத்தது. போதும். (ஹைபர்னேட்டை நிறுத்தினால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் நிற்கும். அதுவும் நல்லது. அது ஓடிக்கொண்டிருந்தால் வின்டோஸ் பக்கத்தை மின்ட் வாசிக்க மட்டும்தான் விடும், எழுத விடாது.)

இதற்கு நேர்மாறான கேள்விதான் எங்களுக்கு அடிக்கடி வருகிறது: 'சி' டிரைவ் நிரம்பிவிட்டது, டிஸ்க்கில் வெற்றிடம் இருக்கு, ஆனா 'எக்ஸ்டென்ட்' சாம்பல் நிறத்தில் கிடக்கு, ஏன்? படத்தை ஒருக்கா வடிவாப் பாருங்கோ. 'சி'க்கும் அந்த வெற்றிடத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ரிக்கவரி பார்ட்டிஷன் நிற்கும். டிஸ்க் மனேஜ்மென்ட் வலப்பக்கம் ஒட்டியிருக்கிற வெறுங்காணியை மட்டும்தான் சேர்க்கும். நடுவில் இன்னொருவரின் துண்டு இருந்தால் பாய்ந்து போகாது. ஜிபார்ட்டெட் போன்ற ஒன்றால் அந்தத் துண்டைத் தள்ளி வைக்கலாம். பக்அப் எடுத்துவிட்டுத்தான். புது லப்டொப் என்றால் இன்னொன்று: பிட்லொக்கர் போட்டிருக்கா என்று முதலில் பார்த்து, அந்த 48 இலக்க ரிக்கவரி கீயை எழுதி வையுங்கோ. பார்ட்டிஷனை மாற்றியபிறகு அது கேட்டால், கீ இல்லாதவருக்கு ஒருத்தராலும் உதவ முடியாது.

மின்ட் ஏறியது. இரண்டும் ஒழுங்காக பூட் ஆகியது. பின்னேரம் நாலு மணி. கஷ்டமான வேலை முடிந்துவிட்டது என்ற நினைப்பு.

அப்போதுதான் அம்மா, காரில் பாட்டுப் போட ஒரு யூஎஸ்பி ஸ்டிக் கேட்டா. மின்ட் ஏற்றப் பாவித்த 16 ஜிபி ஸ்டிக் சும்மா கிடந்தது. ஆனால் இன்ஸ்டோலர் எழுதிய ஸ்டிக்கை வின்டோஸில் சொருகினால் சில எம்பி மட்டும் உள்ள ஒரு விசித்திர டிரைவ்தான் தெரியும். அதைப் பழையபடி ஆக்க டிஸ்க்பார்ட்டில் 'கிளீன்' கொடுப்பது எங்கள் எல்லோருக்கும் கைப்பழக்கம். காலையில் இதே ஸ்டிக்கை அப்படித்தான் துப்புரவாக்கினேன். அப்போது அது டிஸ்க் 1.

இடையில் ஒன்று நடந்திருந்தது. வேலையைத் தொடங்குமுன் அப்பாவின் கோப்புகளை பக்அப் எடுக்க, வீட்டில் இருந்த 1 டெராபைட் வெளி டிஸ்க்கைச் சொருகியிருந்தேன். அதைக் கழட்டவில்லை. அந்த நம்பர் எந்தச் சாதனத்துக்கும் நிரந்தரமாக எழுதிக் கொடுத்த பெயரில்லை. எதை எப்போது சொருகினோம் என்பதைப் பொறுத்து மாறும். வெளி டிஸ்க் 1 ஆகிவிட்டது. ஸ்டிக் 2 ஆகிவிட்டது.

'செலக்ட் டிஸ்க் 1'. 'கிளீன்'. டிஸ்க்பார்ட் "நிச்சயமா?" என்று கேட்பதில்லை. டிஸ்க்கை வெற்றிகரமாகத் துப்புரவாக்கியாயிற்று என்று ஒரு வரி வந்தது. பிறகுதான் மேலே இருந்த பட்டியலில் 931 ஜிபி என்ற இலக்கத்தைக் கண்டேன்.

அந்த டிஸ்க்கில் என்ன இருந்தது என்று சொல்லவேணும். எங்கட வீட்டு வீடியோ கசெற்றுகள் எல்லாத்தையும் அப்பா முன்பு ஒருக்கா டிஜிட்டல் ஆக்குவித்து அதில்தான் போட்டிருந்தார். அக்காவின் சாமத்திய வீடு, எங்கள் முதல் வீடு குடிபூரல், சின்ன மாமி கலியாணம். மாமியின் கலியாணம் 1994இல் கொழும்பில் நடந்தது. அதற்கு அப்பம்மா ஊரிலிருந்து வந்திருந்தா. நான் அப்பம்மாவை நேரில் கண்டதில்லை. நான் பிறந்து விசா, காசு என்று இழுபட்டு, போவதற்குள் அவ போய்விட்டா. அவ கதைக்கிற ஒரே பதிவு அந்த வீடியோவில்தான் இருக்கு. கசெற்றுகள் இல்லை. பேஸ்மென்டுக்குள் வெள்ளம் வந்த வருசம் எல்லாம் நனைந்து, எறிந்தாயிற்று. "டிஸ்க்கில இருக்குத்தானே" என்று எறியச் சொன்னதும் நான்தான்.

மேலேயிருந்து அப்பா கூப்பிட்டார். "என்ன பிள்ளை, முடிஞ்சுதே?"

"கொஞ்சம் பொறுங்கோ அப்பா."

கைகள் நடுங்கினாலும் ஒரு விசயம் தெரிந்திருந்தது. 'கிளீன்' காணியை அழிப்பதில்லை, உறுதியைக் கிழிக்கிறது. அந்த டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருந்தது. 1983இல் டொஸ் 2.0 உடன் வந்த முறை அது. டிஸ்க்கின் முதல் செக்டர் 512 பைட். அதற்குள் 64 பைட்தான் பார்ட்டிஷன் அட்டவணை. நாலு வரி, ஒவ்வொன்றும் 16 பைட். எங்கே தொடங்குகிறது, எத்தனை செக்டர் நீளம், என்ன வகை. ஒரு டெராபைட்டின் எல்லை முழுவதும் 16 பைட்டுக்குள் அடக்கம். அதைப் பூச்சியமாக்கினால் வின்டோஸுக்கு அது வெறும் டிஸ்க். ஆனால் எந்தக் கோப்பு எங்கே கிடக்கு என்ற கணக்கு அந்த அட்டவணையில் இல்லை. அது பார்ட்டிஷனுக்குள்ளேயே, என்டிஎஃப்எஸ்ஸின் சொந்தப் பதிவேட்டில் இருக்கு. இந்தக் காலத்து பார்ட்டிஷன் வழக்கமாக 2048ஆம் செக்டரில், அதாவது ஒரு எம்பி தள்ளித்தான் தொடங்கும். வீடியோக்கள் அங்கேயே கிடக்கின்றன. போகும் வழிதான் தொலைந்துவிட்டது.

(புது முறையான ஜிபிடி இதைவிடக் கெட்டித்தனமானது. 2 டெராபைட் எல்லை இல்லை, வழக்கமாக 128 பார்ட்டிஷனுக்கு இடம், அட்டவணையின் இரண்டாவது பிரதி ஒன்று டிஸ்க்கின் கடைசியில். நொத்தாரிசு எழுதின உறுதிக்கு காணிக் கந்தோரில் ஒரு பிரதி இருக்கிற மாதிரி. தலைப்பக்கம் பழுதானால் வால்பக்கத்திலிருந்து மீட்கலாம். ஆனால் 'கிளீன்' இரண்டையும் எடுத்துவிடும் என்பதால் எனக்கு அது உதவியிருக்காது.)

டேட்டாவைக் கொல்வது பெரும்பாலும் முதல் பிழையல்ல, அதற்குப் பிறகு பதறிப்போய்ச் செய்கிற இரண்டாவது பிழை. டிஸ்க் மனேஜ்மென்டைத் திறந்தவுடன் வின்டோஸ் அன்பாகக் கேட்டது: இந்த டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யட்டா, எம்பிஆரா ஜிபிடியா? 'ஓகே' பட்டன் தயாராக நின்றது. அதை அழுத்தி, புது பார்ட்டிஷன் போட்டு, ஃபார்மட் கொடுத்திருந்தால் புதுப் பதிவேடு எழுதப்பட்டிருக்கும். 'குயிக் ஃபார்மட்' என்ற சரியை எடுத்துவிட்டிருந்தால் கதை முடிந்தது. விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் டிஸ்க் பூராகவும் பூச்சியம் எழுதும். செக்டிஸ்க் ஓட்டவும் கூடாது. அது திருத்துகிறேன் என்று எழுதத் தொடங்கும். நான் 'கேன்சல்' அழுத்தி, டிஸ்க்கைக் கழட்டி, மேசையில் வைத்துவிட்டு, மேலே போய்த் தேத்தண்ணி குடித்தேன். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த நாள் 2 டெராபைட் டிஸ்க் ஒன்று வாங்கினேன். அதற்குத்தான் முதல் செலவு, மீட்புச் சொஃப்ட்வெயருக்கு அல்ல. மின்டிலிருந்து டிடிரெஸ்கியூ என்ற கருவியால் பழைய டிஸ்க்கை செக்டர் செக்டராக அப்படியே புதுசுக்குள் ஒரு இமேஜாக எடுத்தேன். நாலு மணித்தியாலத்துக்குக் கிட்ட. அலுப்பான வேலை, தெரியும். ஆனால் அதற்குப்பிறகு எத்தனை பிழை விட்டாலும் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கலாம். அதோடு பழைய டிஸ்க்கில் கெட்டுப்போன செக்டர் இருந்தால் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும். கடகட என்று சத்தம் வந்தாலோ, வாசிப்பு அடிக்கடி நின்றாலோ, சொஃப்ட்வெயரால் விளையாடாமல் நிறுத்தி, மீட்புக்கென்றே இருக்கிறவர்களிடம் கொடுங்கோ. என்னுடையதில் ஒரு பிழையும் வரவில்லை.

பிறகு டெஸ்ட்டிஸ்க். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய இலவச மென்பொருள். கறுப்புத் திரை, எழுத்துகள் மட்டும், மவுஸ் வேலை செய்யாது. அட்டவணை வகை 'இன்டெல்' என்று தெரிவு செய்து, 'அனலைஸ்', 'குயிக் சேர்ச்'. அது டிஸ்க்கில் போய், ஒரு பார்ட்டிஷன் தொடங்குகிற அடையாளம் எங்கேயாவது இருக்கா என்று தேடும். ஒரு நிமிசத்துக்குள் ஒரு வரி வந்தது: என்டிஎஃப்எஸ், தொடக்கம் 2048. இந்த இடத்தில் அவசரப்பட்டு 'ரைட்' கொடுக்காதேங்கோ. 'பி' கீயை அழுத்தினால் உள்ளே இருக்கிற கோப்புகளின் பட்டியலைக் காட்டும். அது சரியாகத் தெரிந்தால்தான் அந்த எல்லை சரி.

அழுத்தினேன். ஃபோல்டர்கள் வந்தன. 'கலியாணம்' என்று அப்பா ஆங்கில எழுத்தில் வைத்த பெயர், அவர் வைத்த அதே எழுத்துப்பிழையோடு.

'ரைட்' கொடுத்தேன், ரீஸ்டார்ட் பண்ணினேன், டிரைவ் வந்துவிட்டது. எழுதப்பட்டது அந்தச் சின்ன அட்டவணை மட்டும்தான். இது சரிவராமல் போயிருந்தால் 'டீப்பர் சேர்ச்', அதற்குப் பிறகு இதன் கூட்டாளியான ஃபோட்டோரெக். அது கோப்புகளை அவற்றின் வடிவத்தை வைத்தே தேடி எடுக்கும், ஆனால் பெயரும் ஃபோல்டரும் வராது. ஆயிரக்கணக்கான இலக்கப் பெயர்களுக்குள் உட்கார்ந்து தேடவேணும். இதெல்லாம் சுழல்கிற ஹாட் டிஸ்க்குக்குத்தான் என்பதையும் நினைவில் வையுங்கோ. எஸ்எஸ்டியில் ஒரு கோப்பை அழித்தாலோ ஃபார்மட் செய்தாலோ பெரும்பாலும் 'ட்ரிம்' கட்டளை போய்விடும், பிறகு வாசித்தால் வெறும் பூச்சியம்தான் வரும். அப்பாவின் பழைய டிஸ்க் மெதுவானது என்று எத்தனை நாள் பகிடி பண்ணியிருக்கிறேன்.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவிடம் எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "அப்ப போட்டுக் காட்டு" என்றார்.

டிவியில் போட்டேன். கொழும்பு மண்டபம், நாதஸ்வரம், சின்ன மாமிக்குப் பதினைந்து கிலோ குறைவு. அப்பம்மா கமராவைப் பார்த்து, "எல்லாரும் வந்திட்டினமே?" என்று யாரையோ கேட்கிறா. சரியாக அந்த இடத்தில் படம் உறைந்தது. கோடு கோடாக இழுத்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஏதோ ஒரு செக்டர் போய்விட்டது, என்னால்தான் போய்விட்டது.

அப்பா கதிரையில் சாய்ந்தபடியே சொன்னார்: "பதறாத. அது கசெற்றிலயே அப்பிடித்தான். பத்து செக்கன் பொறு, திரும்ப வருவா."