நன்றி போட்டால் போதுமா?

நான் சட்டம் படித்தவனல்லன், பௌதிகம் படிக்கிறவன். ஆயினும் நம் சங்கத்தின் இணையதளப் பொறுப்பு என் தலையில் விழுந்ததால் பதிப்புரிமைச் சட்டத்தைப் புரட்ட நேர்ந்தது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரையைக் கடந்ததல்லவா? விழுப்புரம், கடலூர்ப் பக்கத்து நண்பர்கள் வீட்டோடு பேச முடியாமல் விடுதியில் தவித்தார்கள். ஒரு நாளிதழின் செய்திகள் நான்கைப் படங்களோடு அப்படியே எடுத்து நம் தளத்தில் இட்டேன். அடியில் ‘நன்றி’ என்று இதழின் பெயரையும் போட்டேன். மாதக் கடைசியில் அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. உடனே நீக்க வேண்டும். இன்ன தொகை செலுத்த வேண்டும். அத்தொகை நம் சங்கத்தின் பொங்கல் விழாச் செலவுக்குச் சமம்!

“நாம் இதில் காசு பண்ணவில்லையே” என்றார் ஒரு நண்பர். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். 1957ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தெரிந்தே உரிமையை மீறுவோருக்கு அதன் 63ஆம் பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வியாபார லாபத்துக்காகச் செய்யாதவனுக்கு நீதிமன்றம் காரணங்காட்டித் தண்டனையைக் குறைக்கலாம், அவ்வளவே. நஷ்டஈட்டு வழக்கு தனி. நன்றி கூறுவது மரியாதை, அனுமதி ஆகாது.

சட்டம் பயிலும் அண்ணன் ஒருவர் 52ஆம் பிரிவைக் காட்டினார். நடப்பு அரசியல், பொருளாதார, சமூக விஷயம் பற்றிய கட்டுரையை இன்னொரு பத்திரிகை மறுபடி வெளியிடலாமாம். மகிழ்ந்தேன். மீதி வாசகத்தையும் படித்தார்: ஆசிரியர் அவ்வுரிமையைத் தமக்கே வைத்துக்கொண்டதாக வெளிப்படையாகச் சொல்லியிராவிட்டால்! நான் எடுத்த பக்கங்களின் அடியில் அந்த உரிமை வாசகம் இருக்கவே இருந்தது.

அப்படியானால் புயல்கூட ஒருவர் சொத்தா? அன்று. 1978இல் உச்சநீதிமன்றம் தீர்த்த வழக்கொன்று தில்லித் தமிழர்க்குச் சுவையானது. நாடகாசிரியர் ஆர். ஜி. ஆனந்த், பஞ்சாபிக் குடும்பமும் மதராஸிக் குடும்பமும் அண்டை அயலாக வாழ, பிள்ளைகள் காதலிப்பதை ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்று நாடகமாக்கினார். 1956இல் ‘நியூ டெல்லி’ படம் வந்தது. அதிலும் பஞ்சாபிப் பையன், தமிழ்ப் பெண். பெண்ணாக நடித்தவர் நம் வைஜயந்திமாலா! ஆனந்த் வழக்காடினார்; தோற்றார். கருவுக்கும் கதைப்பொருளுக்கும் வரலாற்று உண்மைக்கும் பதிப்புரிமை இல்லை. அவற்றை வெளியிட்ட வடிவத்துக்கே உண்டு என்றது மன்றம். புயல் எங்கே, எப்போது கரையேறிற்று என்பதை யாரும் எழுதலாம். நிருபர் அமைத்த வாக்கியத்தைத்தான் தூக்கலாகாது. புகைப்படத்திலோ இப்படிப் பிரித்தெடுக்க வழியே இல்லை. அதன் உரிமை எடுத்தவரின் ஆயுள் முழுதும், அவர் இறந்த பின் 60 ஆண்டும் நிற்கும்.

அன்றே எல்லாவற்றையும் நீக்கி, நடந்ததை ஒளிக்காமல் எழுதினோம். தொகையைப் பாதியாகக் குறைத்தார்கள். 2025 பொங்கலன்று இலைச் சாப்பாடு இல்லாமல் சர்க்கரைப் பொங்கலோடு விழா முடிந்த ரகசியம் இதுதான். அந்தப் பக்கத்தில் இப்போது நானே எழுதிய ஐந்து வரிகளும், நாளிதழ்ச் செய்திகளுக்குப் போகும் சுட்டிகளும் மட்டும் இருக்கின்றன.