நாயும் ஓநாயும்

ஒருவனை இகழ நினைத்தால் நம் ஜனங்கள் ‘நாயே’ என்று ஏசுவார்கள். நன்றிக்கு உதாரணம் கேட்டாலோ அந்த நாயையே காட்டுவார்கள். ஓநாயின் கதியும் இதுதான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம் என்று அதன் கபடத்தைப் பழிக்கிறோம். ஆயினும் எவர் கைச்சோற்றுக்கும் கட்டுப்படாத அதன் வாழ்வை உள்ளூர வியக்கிறோம். இந்த முரண்பாடு எதனால் வந்தது?

இரண்டும் ஒரே குலத்துப் பிராணிகள். ஒன்று மனிதனுடைய அடுப்பண்டை வந்து படுத்தது; மற்றது வனத்திலேயே நின்றுவிட்டது. ஜெர்மனியில் ஓபர்காஸெல் என்னுமிடத்தில், சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன் மனிதரோடு புதைக்கப்பட்ட நாயின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. அவ்வளவு பழமையான உறவு இது. ஆகவே, நாய் என்றும் ஓநாய் என்றும் நாம் வழங்கும் பெயர்கள் மிருகங்களின் குணத்தைவிட, பெயரிட்டவனுக்கும் அவற்றுக்கும் உள்ள சம்பந்தத்தையே அதிகமாகச் சொல்கின்றன.

ஈசாப்பின் கதை ஒன்று பிரசித்தமானது. பசியால் மெலிந்த ஓநாய், கொழுத்த நாயைச் சந்திக்கிறது. ‘என் எஜமானனிடம் வா, வயிறார உண்ணலாம்’ என்கிறது நாய். போகும் வழியில் நாயின் கழுத்தில் ரோமம் தேய்ந்திருப்பதை ஓநாய் கண்டு காரணம் கேட்கிறது. பகலில் கட்டும் சங்கிலியின் தழும்பு என்று அறிந்ததும், பசியே மேல் என்று காட்டுக்குத் திரும்பிவிடுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் இதனை லத்தீன் செய்யுளாக்கிய பீட்ரஸ், ரோமச் சக்கரவர்த்தி அகஸ்டஸின் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர் என்பர். கழுத்துத் தழும்பின் பொருள் அவருக்குத் தெரியாததன்று.

அப்படியானால் ஓநாய்தான் சுதந்திரத்தின் சின்னமா? அவசரப்படலாகாது. அதே ரோமாபுரி, தன்னை ஸ்தாபித்த இரட்டையரைப் பாலூட்டி வளர்த்த தாயாகப் பெண் ஓநாயைப் போற்றியது. ஆனால் கி.மு. 91-ல் ரோமை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த இத்தாலிய ஜாதியார், காளையொன்று ஓநாயைக் குத்தி வீழ்த்தும் உருவத்தைத் தங்கள் நாணயத்தில் பொறித்தார்கள். ஆண்டவனுக்குத் தாயாகத் தோன்றிய விலங்கு, ஆளப்பட்டவனுக்குக் கொள்ளைக்காரனாகத் தோன்றியது.

நாயின் விஷயத்திலும் ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பது பிழை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமை மந்தையைக் காக்கும் போரில் மாண்ட கருந்தேவகத்தி என்னும் வீரனுக்கு எடுத்தது. அவனுடைய நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றதையும் அக்கல் கூறுகிறது. நாயின் பெயர் கோவிவன். எத்தனையோ செல்வர்களின் பெயர்கள் மறைந்தன. இந்த நாயின் பெயர் 1,400 ஆண்டுகளாக நிலைத்து நிற்கிறது. இதை எவர் அடிமைத்தனம் என்பார்?

விசுவாசத்துக்கும் அடிமைத்தனத்துக்கும் உள்ள வேற்றுமையை மகாபாரதத்தின் முடிவு விளக்குகிறது. தம்பியரும் திரௌபதியும் வழியில் வீழ்ந்த பின், தருமருடன் கடைசிவரை நடந்தது ஒரு நாய். அதை விட்டுவிட்டுத் தேரில் ஏறும்படி இந்திரன் சொன்னபோது, அண்டியதைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் வேண்டாமென்று தருமர் மறுத்தார். அந்த நாயே தர்மதேவதை என்பது பிறகு தெரிந்தது. இங்கே சோதிக்கப்பட்டது நாயின் விசுவாசமன்று; எஜமானனின் விசுவாசம்! இருபுறமும் இருந்தால் அது நட்பு. ஒருபுறம் மட்டும் இருந்தால் அது சங்கிலி.

பெயரிடும் அதிகாரம் எத்தனை கொடியது என்பதற்கும் நம் தேசத்திலேயே சாட்சியுண்டு. பிரிட்டிஷ் ஆட்சியில் கொன்ற ஓநாய்க்கு இவ்வளவு என்று வெகுமதி கொடுத்தார்கள். 1875 முதல் 1925 வரை சுமார் 2,00,000 ஓநாய்கள் மாண்டன என்று சரித்திராசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டிருக்கிறார். பெயர் சூட்டிப் பழி சுமத்தும் வித்தை மிருகங்களோடு நிற்கவுமில்லை. அதே ஆட்சி 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றி, மனிதக் கூட்டங்களையே பிறப்பினால் குற்றவாளிகள் என்று முத்திரையிட்டது. ஓநாய்க்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு அளித்தது. மனிதர்மீது இட்ட முத்திரையோ, சட்டம் ரத்தான பின்னும் எளிதில் அழியவில்லை.

பொதுத் தொண்டில் இறங்கியவர்கள் இதைச் சிந்திப்பது நலம். எதிர்க்கட்சிக்காரனை ஓநாய் என்று மேடையில் ஒருவர் முழங்கும்போது, அந்தப் பெயரால் யாருக்கு லாபம் என்று கேட்க வேண்டும். உங்களை விசுவாசமுள்ள தொண்டர் என்று ஒரு தலைவர் புகழும்போது, சுவர்க்கத்தின் வாயிலில் உங்களுக்காக அவர் நிற்பாரா என்றும் கேட்க வேண்டும். நிற்பாரென்றால் கோவிவனைப்போல் காவலிருங்கள். இல்லையென்றால் கழுத்தைத் தடவிப் பாருங்கள்.