படுக்கையில் கிடக்கும் பாட்டிக்கு நன்மை கொண்டு போவது யார்?

புதுக்கோட்டை மாவட்டம் ஆவூர். பெரியநாயகி மாதா கோவிலும், ஈஸ்டர் பாஸ்காவும், தேரும் சுற்று வட்டாரத்தில் பிரசித்தம். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பூசே சாமியார் கோவில் கட்டிய ஊர் இது. வீரமாமுனிவர் பணி செய்த ஊர் என்றும் பேர்.

அந்தக் காலத்தில் ஒரு சாமியாருக்கு எத்தனையோ ஊர். ஒரு ஊருக்கு வந்து போனால் மறுபடி வர மாதக்கணக்காகும். அதுவரை ஊரைக் கட்டிக் காத்தவர் யார்? உபதேசியார்தான்! செபம் சொல்லிக் கொடுப்பார். சாகக் கிடக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார். செத்தவர்களை அடக்கம் பண்ணுவார்.

1773-இல் சேசு சபையையே ரோமாபுரி கலைத்தது. சாமியார்களுக்குப் பஞ்சம் வந்தது. அப்போதும் உபதேசியார்கள் விளக்கை அணைய விடவில்லை. ஆனால் ஒன்று மட்டும் அவர்களால் முடியாது. நன்மை கொடுக்க முடியாது! அப்பத்தைத் தொட குருப்பட்டம் வேண்டும்.

கதவு திறந்தது

சரியாக 200 வருஷம் கழித்து, 1973 ஜனவரி 29-இல், ஆறாம் பவுல் பாப்பரசர் காலத்தில் புது உத்தரவு வந்தது. கன்னியாஸ்திரீ, உபதேசியார், சாதாரண குடும்பத்து ஆண், பெண் யாராக இருந்தாலும், முறைப்படி நியமித்தால் நன்மை கொடுக்கலாம்.

எப்போது? சாமியார் இல்லாதபோது. இருந்தும் நோயாலோ, முதுமையாலோ, வேறு பணியாலோ முடியாதபோது. கூட்டம் அதிகமாகி பூசை ரொம்ப நீளும்போது. 1983-ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டமும் இதை ஒப்புக்கொண்டது.

கண்டிப்பும் உண்டு

1997-இலும் 2004-இலும் ரோமாபுரி கடிவாளம் போட்டது. சாமியார் சும்மா உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நன்மை கொடுப்பது தப்பு. சிமிழில் நன்மை எடுத்துக்கொண்டு கிளம்பினால் நேராக நோயாளி வீட்டுக்குத்தான் போக வேண்டும். வழியில் டீக்கடை, ஊர்வம்பு கூடாது. பாவசங்கீர்த்தனம் கேட்பது, நோயில்பூசுதல் கொடுப்பது இரண்டும் சாமியாருக்கு மட்டுமே.

"சாமியார் கையால வாங்கினாத்தான் நன்மை" என்று முறுக்கிக் கொள்ளும் பெரியவர்கள் உண்டு. கை மாறினாலும் கொடுக்கப்படுவது மாறவில்லை என்பதுதான் சபையின் போதனை. பெரிய பங்குகளில் ஞாயிற்றுக்கிழமை சாமியாருக்கு ஊர் ஊராகப் பூசை. அவர் வரட்டும் என்று காத்திருந்தே கண்ணை மூடினால் யாருக்கு நஷ்டம்?

"பாட்டி இப்பத்தானே கஞ்சி குடிச்சுச்சு" என்ற தயக்கமும் வேண்டாம். நன்மைக்கு முன் ஒரு மணி நேரம் சாப்பிடக் கூடாது என்ற விதி முதியோருக்கும் நோயாளிக்கும் கிடையாது. அவர்களைப் பார்த்துக் கொள்கிறவர்களுக்கும் கிடையாது.

உங்கள் வீட்டில் யாராவது படுத்த படுக்கையா? பங்குச் சாமியாரிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள். நினைவு தப்பிய பிறகு ஓடிப் பிரயோசனமில்லை!