குடிக்கூலி உயர்வும் குடியிருப்போர் செய்யத்தக்கனவும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மாந்தர்க்கு இன்றியமையாதன. இவற்றுள் முதலிரண்டும் விலை கொடுத்த அளவிலேயே நமக்கு உரிமையாகிவிடுகின்றன. மூன்றாவது அத்தகையதன்று. நகரங்களில் வாழ்வோருள் பலர் மாதந்தோறும் விலை கொடுத்தும், என்றும் தமதாகாத கூரையின்கீழ்க் குடும்பம் நடத்துகின்றனர். அவ்விலைக்குக் குடிக்கூலி என்றொரு நல்ல சொல் தமிழில் உண்டு. வாடகை என்னும் சொல் அதனைப் பேச்சு வழக்கிலிருந்து ஏறத்தாழ வெளியேற்றிவிட்டது. பிறர் மனையில் ஒதுங்கியிருக்கும் இடத்தைத் துச்சில் என்றும் பழந்தமிழ் வழங்கும். வள்ளுவர் நிலையாமை அதிகாரத்தில், உடம்பினுள் தங்கியிருக்கும் உயிரைக் குறித்து அச்சொல்லை ஆண்டுள்ளார். வீட்டுக்காரர் ஒரு மாலைப்பொழுதில் வந்து, "அடுத்த மாதம் முதல் இரண்டாயிரம் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லிச் செல்லும்போது, அச்சொல்லின் பொருள் உரையாசிரியர் துணையின்றியே நமக்கு விளங்கிவிடும்.

அவ்வறிவிப்பைக் கேட்ட வீட்டில் இருவகை உணர்வுகள் எழும். ஒன்று அச்சம். பிள்ளைகளின் பள்ளி அருகில் இருக்கிறது. ஆண்டின் நடுவில் எங்கே போவது என்று எண்ணி, கேட்ட தொகையை அப்படியே கொடுத்துவிடத் துணிவோம். மற்றொன்று சினம். "இம்மாதம் வாடகையே கொடுப்பதில்லை, வழக்குத் தொடுக்கட்டும், பார்த்துக்கொள்வோம்" என்போம். இரண்டும் நமக்குத் தீங்கு தருவனவே. எனினும் பின்னது பெருந்தீங்கு. வாடகை உயர்வு நேரியதா அன்றா என்னும் வினாவில் நம் பக்கம் நியாயம் இருக்கலாம். வாடகை கொடாமல் நிறுத்திய நாள் முதல் அவ்வினா மறைந்து, நிலுவை வைத்தவர் என்னும் பெயரே நமக்கு எஞ்சும். இதன் காரணத்தை அறியச் சட்டம் வந்த வழியைச் சிறிது காண வேண்டும்.

சட்டம் கடந்து வந்த வழி

வாடகைக் கட்டுப்பாடு என்பது போர்க்காலத்தின் குழந்தை. இரண்டாம் உலகப் போரின்போது நகரங்களில் வீட்டுப் பற்றாக்குறை மிகுந்தது. அதனால் 1941ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. போர் முடிந்தும் பற்றாக்குறை தீரவில்லை. எனவே 1946, 1949 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களும், அவற்றைத் தொடர்ந்து 1960ஆம் ஆண்டின் 18ஆவது சட்டமாகிய கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டமும் வந்தன. இப்பழைய சட்டத்தின் உயிர்நிலை 'நியாய வாடகை' என்னும் கருத்து ஆகும். மனையின் மதிப்பையும் கட்டடத்தின் மதிப்பையும் கூட்டி, அம்மொத்த மதிப்பில் குடியிருப்பாயின் நூற்றுக்கு 9, பிற பயன்பாடாயின் நூற்றுக்கு 12 என்னும் அளவில் ஆண்டு வாடகையைக் கணக்கிட்டனர். நான்கு இலட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டிற்கு ஆண்டு வாடகை 36,000 ரூபாய்; மாதத்திற்கு 3,000 ரூபாய். ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்டலும் கூடாது என்பது அச்சட்டத்தின் விதி. சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்கும் வழக்கம் அவ்விதி உயிருடன் இருந்த காலத்திலேயே தழைத்தது என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். ஏட்டிலிருந்த சட்டம் வீட்டுக்குள் வரவில்லை.

மாத வாடகை 400 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்பு வீடுகள் அச்சட்டத்தின் காப்பிற்குப் புறம்பாக வைக்கப்பட்டிருந்தன. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் அத்தகைய வரம்பு இல்லை. வீட்டில் இருப்போர்க்கு மட்டும் இவ்வேற்றுமை ஏன் என்று வினவி, ரத்தன் ஆர்யா வழக்கில் 1986ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அவ்விலக்கைச் செல்லாதென அறிவித்தது. மறுபுறம், கட்டுப்பாடு எல்லை மீறினால் வீட்டுக்காரர்க்கு அநீதி ஆகும் என்பதையும் அதே நீதிமன்றம் உணர்த்தியுள்ளது. பம்பாயில் 1940ஆம் ஆண்டின் வாடகையே அளவுகோலாகப் பல பத்தாண்டுகள் உறைந்து கிடந்தது. அவ்வாறு உறையச்செய்த விதிகள் காலப்போக்கில் நியாயமற்றனவாகிவிட்டன என்று 1997இல் தீர்ப்பு வந்தது. வருவாய் தராத வீட்டை எவரும் பழுதுபார்ப்பதில்லை. கூரை ஒழுகினால் நனைவது குடியிருப்போரே.

தமிழகத்தில் 1960ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. நில உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 22-2-2019 முதல் அதன் இடத்தைப் பெற்றுள்ளது. நகர்ப்புறங்களுக்கென வகுக்கப்பட்ட இச்சட்டத்தில் நூற்றுக்கு 9 என்னும் கணக்கு இல்லை. இருவரும் ஒப்புக்கொண்ட தொகையே வாடகை; இருவரும் எழுதிக்கொண்ட முறையே உயர்வு. இதனை நாம் நன்கு மனங்கொள்ள வேண்டும். முன்பு சட்டம் நமக்காகக் கணக்கிட்டது. இன்று நாம் எழுதி வைத்ததைக் காப்பதே அதன் பணி. நாம் ஒன்றும் எழுதவில்லையாயின், அது காப்பதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை.

எழுத்தும் பதிவும்

பதினொரு மாத ஒப்பந்தம் என்பது நம் நகரங்களில் ஒரு சடங்கு. ஓராண்டிற்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் கூறுவதால், அதற்கு ஒரு மாதம் குறைத்து எழுதிப் பதிவைத் தவிர்க்கும் உத்தி அது. புதிய சட்டத்தின்கீழ் இவ்வுத்தி பயன்படாது. நகர்ப்புறத்தில் எத்தனை மாதத்திற்கு எழுதினாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். வாடகை அதிகாரியிடம் அதனைப் பதிந்து பதிவெண் பெறுதலும் வேண்டும். பதிவை விரும்பாதவர் வீட்டுக்காரர் மட்டுமே என்று கருதுதல் வழக்கம். வாடகைதாரருள்ளும் பலர், "எதற்கு வீண் அலைச்சல்" என்று விட்டுவிடுகின்றனர். அலைச்சல் பின்னர்தான் வருகிறது. சட்டம் வருவதற்கு முன்பிருந்தே தொடரும் குடியிருப்பில் எழுத்து ஒப்பந்தம் ஏற்படாமையே வீட்டைத் திரும்பக் கேட்பதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டுள்ளது. இச்சட்டம் எட்டாத ஊர்களில் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமே துணை. மாதவாரியாக இருக்கும் குடியிருப்பைப் பதினைந்து நாள் முன்னறிவிப்பால் முடித்துவிட அது இடந்தருகின்றது. வாய்மொழியாகக் குடியிருப்பவரிடம் "கூட்டிக் கொடுங்கள், இல்லையேல் காலி செய்யுங்கள்" என்னும் சொல்லுக்கு ஏன் இத்துணை வலிமை என்பது இதனால் விளங்கும்.

அறிவிப்பு வந்தபின்

முதற்கண் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தல் வேண்டும். காலம் முடியாதிருந்து, இடையில் உயர்த்துவதற்கான விதி அதில் இல்லையாயின், வீட்டுக்காரர் தம் விருப்பால் மட்டும் உயர்த்தவியலாது. விதி இருப்பின் அவ்வளவே கொடுக்கக் கடமைப்பட்டுள்ளோம். காலம் முடிந்திருந்தாலோ முடியும் தறுவாயில் இருந்தாலோ, அவர் புதிய வாடகை கேட்பது அவர் உரிமை. பேசி முடிவு காண்பதே வழி. அந்நிலையில் பேச்சை நீட்டித்துக்கொண்டே வீட்டில் இருந்துவிடலாம் என்று எண்ணுதல் கூடாது. காலம் கடந்து தங்குவோரிடம் மிகை வாடகை பெறவும் சட்டத்தில் இடமுண்டு.

அடுத்து, உயர்வை எழுதித் தருமாறு பணிவுடன் கேட்க வேண்டும். எழுதக் கேட்ட அளவிலேயே தொகை சற்றுக் குறைவதும் உண்டு. வாயால் இரண்டாயிரம் என்பவர் எழுதுகோலைக் கையில் எடுக்கும்போது ஆயிரத்தைந்நூறு என்பார். முடிவு எட்டும் வரை பழைய வாடகையை உரிய நாளில், வங்கி வழியாகச் செலுத்திவர வேண்டும். உயர்த்திய தொகையை ஒருமுறை கொடுத்துவிட்டுப் பின்னர் வழக்காடலாம் என்பது பிழையான எண்ணம். கொடுத்ததே ஒப்புதல் எனக் கொள்ளப்படலாம். அவர் வாங்க மறுத்தால் அஞ்சல் வழியாக அனுப்பி, மறுத்ததற்கான சான்றை வைத்திருத்தல் வேண்டும். தொடர்ந்து மறுப்பின், சட்டத்தின்கீழ் அமைந்த மன்றத்தில் வாடகையைச் செலுத்தவும் வழி உண்டு. இவ்வளவும் எதற்கெனின், இரண்டு மாத வாடகை நிலுவையானால் அதனைக் கொண்டே வெளியேற்றக் கோரலாம் என்பது சட்டம். உயர்வைப் பற்றிய பிணக்கில் வென்றவர் நிலுவைப் பிணக்கில் வீட்டை இழத்தல் நேரும்.

உயர்வு குறித்து இருவரும் உடன்படாவிடில், திருத்திய வாடகையை வரையறுக்குமாறு மன்றத்தைக் கேட்கலாம். வீட்டுக்காரரும் கேட்கலாம், நாமும் கேட்கலாம். பிணக்கு நடக்கும்போது குடிநீரை நிறுத்துதலும் மின்சாரத்தைத் துண்டித்தலும் பழைய சட்டத்திலும் குற்றம். புதிய சட்டத்திலும் அதற்குத் தடை உண்டு. பூட்டை மாற்றுதலும் பொருள்களை வெளியே வைத்தலும் எச்சட்டத்திலும் வீட்டுக்காரர் உரிமையல்ல.

கணக்கால் பேசுதல்

மன்றம் செல்வதற்கு முன் பேச்சுக்கு இடமுண்டு. பேச்சில் கண்ணீரைவிடக் கணக்கே உதவும். மாத வாடகை 8,000 ரூபாய், ஈராண்டாக உயரவில்லை, இப்போது 10,000 கேட்கிறார் எனக் கொள்வோம். ஆண்டுக்கு நூற்றுக்கு 5 என்று உயர்த்தியிருந்தாலும் முதலாண்டில் 8,400, இரண்டாம் ஆண்டில் 8,820 ஆகியிருக்கும். 10,000 என்பது அக்கணக்கில் நான்காண்டிற்குப் பின் வரவேண்டிய தொகை. நாம் வெளியேறினால் தரகர்க்கு ஒரு மாத வாடகை, முன்பணத்தில் வெள்ளையடிப்புக்கெனக் கழிக்கும் ஒரு மாத வாடகை, வண்டிக்கும் ஆட்களுக்கும் ஒரு நாலாயிரம் என 20,000 ரூபாய் நமக்குச் செலவு. அஃதாவது பத்து மாத உயர்வு. வீட்டுக்காரர்க்கோ வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலே 8,000 ரூபாய் இழப்பு. நான்கு மாத உயர்வு அதில் போய்விடும். புதிதாக வருபவர் ஒழுங்காகக் கொடுப்பவரா என்பதும் தெரியாது. இருவர்க்கும் இழப்பு உண்டு என்பது தெளிவானால் 9,000 என்னும் அளவில் உடன்பாடு காண்பது அரிதன்று.

வீட்டுக்காரர் எல்லாரும் செல்வர் அல்லர் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. மாடிப் பகுதியின் வாடகையில் மருந்து வாங்கும் முதியோரும், கணவரை இழந்து அவ்வொரு வருவாயில் குடும்பம் நடத்தும் தாய்மாரும் உளர். 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தபோது அச்சுமை முதலில் அவர்கள் தலைமேல்தான் விழுந்தது. அத்தகையோரிடம் "எவ்வளவு வரி கூடிற்று?" என்று கேட்டு, அதில் நம் பங்கை ஏற்பதாகச் சொல்வது பேச்சைச் செம்மையாக்கும். அதே வேளையில், வரி உயர்வைக் காட்டி அதனினும் பன்மடங்கு கேட்பவரிடம் வரி இரசீதைக் காட்டுமாறு கேட்பதில் தவறில்லை.

வாடகை என்ற பெயரில் வாராத உயர்வுகளே நம்மை மிகுதியும் ஏமாற்றுவன. வாடகை அப்படியே இருக்கும். தண்ணீர்க்கு ஐந்நூறு, பராமரிப்புக்கு முந்நூறு என ஏறும். மின் கட்டணத்தில் இது மிகுதி. வீடுகளுக்கு இரு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016 முதல் நடைமுறையில் உள்ளது. அச்சலுகை மின் இணைப்பிற்கு உரியது. பல குடித்தனங்கள் ஓர் இணைப்பில் இருக்கும் வீட்டில் துணை மீட்டர் வைத்து, முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய், பத்து ரூபாய் என வாங்குவோர் உளர். மின் வாரியக் கட்டண அட்டையைப் பார்த்து மொத்தத் தொகையைக் குடித்தனங்களுக்குள் பகிர்வதே நேர்மை. வாடகை உயர்வைப் பேசும் அன்றே இதனையும் பேசி எழுதிவிடுதல் நன்று.

புதிய ஒப்பந்தத்தில் உயர்வு எத்துணை, எந்நாள் முதல், எத்தனை மாத முன்னறிவிப்புடன் என்னும் மூன்றும் எண்ணாலும் எழுத்தாலும் இருத்தல் வேண்டும். 'காலத்திற்கேற்ப உயர்த்தப்படும்' என்னும் தொடர் அழகிய தமிழாயினும் குடியிருப்போர்க்குக் கேடு தருவது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்று புதிய சட்டம் கூறுகிறது. ஆயினும் வேறுவகையாக உடன்பட்டால் அவ்வாறே ஆகும் என்று இடமும் விடுகிறது. எனவே கையொப்பமிடும் முன் அவ்வரியைப் படித்துப் பார்க்க வேண்டும். வாடகை உயரும்போது முன்பணத்தையும் உயர்த்தித் தரக் கேட்பின், முன்னர்க் கொடுத்த தொகையையும் சேர்த்து மொத்தத் தொகைக்கு எழுத்து வாங்குதல் வேண்டும்.

நம் மாணவர் நால்வர் ஐவராகக் கூடி அறை எடுக்கும்போது ஒப்பந்தம் ஒருவர் பெயரில் இருக்கும். ஏனையோர்க்கு அதில் பெயரும் இல்லை, சான்றும் இல்லை. அவ்வொருவர் படிப்பு முடிந்து சென்றபின், எஞ்சியோரிடம் புதிய குடியென்று கூறிப் புதிய வாடகையும் புதிய முன்பணமும் கேட்கப்படுகின்றன. பழைய முன்பணம் யாரிடம் திரும்பிற்று என்பது நால்வர்க்கும் தெரியாமற் போகிறது. நால்வர் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதி, ஒவ்வொருவரும் தத்தம் பங்கை வங்கி வழியாகச் செலுத்திவந்தால் ஒருவர் பிரியும்போது அவர் பங்கு எவ்வளவு என்பது ஐயமின்றித் தெரியும். எஞ்சியோரின் குடியிருப்பும் முறியாது தொடரும்.