கிட்னிக்குப் போனால் எக்கோ எதற்கு?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் அண்ணன் ஒருவர் டீக்கடைப் பெஞ்சில் கேட்டார்: "கிட்னின்னு காட்டப் போனா, எக்கோ எடுத்துட்டு வாங்கன்னு சீட்டு எழுதித் தர்றாங்க. ரெண்டுக்கும் என்னங்க சம்பந்தம்?"

அவசியமான கேள்வி. எக்கோ என்பது இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன். டீ ஆறினாலும் பரவாயில்லை என்று முதலிலிருந்தே சொன்னேன்.

இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கே போகிறது. இரண்டையும் சேர்த்து நிறுத்தாலும் அரைக்கிலோகூடத் தேறாத உறுப்புக்கு இவ்வளவு ரத்தம் எதற்கு? உடம்பில் எவ்வளவு உப்பும் தண்ணீரும் தங்கலாம் என்பது அங்கேதான் முடிவாகிறது. அந்த வேலை கெட்டால் இரண்டும் தேங்கும், ரத்த அழுத்தம் ஏறும். போதாக்குறைக்கு, பழுதான சிறுநீரகம் தனக்கு ரத்தம் போதவில்லை என்று ரெனின் என்ற சுரப்பைக் கூடுதலாகச் சுரக்கும். அதன் விளைவாக ரத்தக் குழாய்கள் இன்னும் இறுகும்.

இந்த அழுத்தத்தை எதிர்த்து நாளெல்லாம் தள்ளித் தள்ளி, இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துவிடும். தடித்த சுவர் விறைத்துப்போகும், சரியாக விரியாது. பின்னால் நுரையீரலில் நீர் கோத்து, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். எக்கோவில் டாக்டர் தேடுவது இதைத்தான். லண்டனில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர், சிறுநீரக நோயால் இறந்தவர்களின் இதயம் பெருத்திருப்பதை 1836-லேயே எழுதிவைத்திருக்கிறார்.

இன்னொரு வழியும் உண்டு. ரத்தம் ஊறச் சொல்லும் எரித்ரோபாய்டின் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. அது குறைந்தால் சோகை வரும். இருக்கிற கொஞ்ச ரத்தத்தை வைத்துச் சமாளிக்க இதயம் வேகமாக ஓடவேண்டியிருக்கும். வெளியேறாத பாஸ்பரஸ், போர் தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படிகிற மாதிரி, குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படியவைக்கும். இப்படி எல்லாப் பக்கமும் இதயம்தான் அடி வாங்குகிறது. நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களில் டயாலிசிஸ் கட்டம் வரை போகிறவர்களைவிட, அதற்கு முன்பே இறந்துபோகிறவர்கள் அதிகம். அந்தச் சாவுகளுக்குப் பெரிய காரணம் இதய நோய். எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது, பெரும்பாலானவர்களுக்குத் தங்களுக்குச் சிறுநீரக நோய் இருப்பதே தெரியாது என்பதுதான்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். இதயம் பலவீனமானால் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையும், அங்கிருந்து திரும்பும் ரத்தமும் தேங்கும், வடிகட்டல் படுத்துவிடும்.

நம் ஊருக்கென்று சில விஷயம் சொல்லவேண்டும். "குழித்தறியில காலத் தொங்கப்போட்டு உட்கார்ந்தா வீங்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடுகிறார்கள். கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் சில நொடி அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றால், காலையில் கண்ணிமையும் உப்பியிருந்தால், தறிமேல் பழியைப் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடுத்தது வலி மாத்திரை. இடுப்பு வலிக்கும் முட்டி வலிக்கும் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் டைக்ளோபினாக் போன்றவை சிறுநீரகத்தையும் கெடுக்கும், உப்பைத் தேக்கி இதயத்தையும் கெடுக்கும்.

"நான் இந்துப்புதாங்க போட்டுக்கறேன்" என்றார் அண்ணன். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைத்தது என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு அது ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறி நின்றுபோகலாம். அவர்களுக்கு இளநீரையும் டாக்டர்கள் தடுப்பது இதனால்தான்.

சிறுநீரகம் இப்படிக் கெடுவதைத் தடுக்கப் பெரிய ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்றில்லை. சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் வழியாக, சென்னையை அடுத்த கிராமங்களில் சுமார் 25 ஆயிரம் பேரை வீடு வீடாகப் பார்க்க ஏற்பாடு செய்தார். உள்ளூர்ப் பெண்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் இருக்கிறதா என்று சோதித்தார்கள், பிரஷர் பார்த்தார்கள். கண்டுபிடித்தவர்களுக்கு விலை குறைந்த பழைய மாத்திரைகளே கொடுக்கப்பட்டன. பெரும்பாலோருக்குப் பிரஷர் கட்டுக்குள் வந்தது. தமிழ்நாட்டு மருத்துவத்தில் இதைவிடப் பெரிய காரியங்கள் அதிகமில்லை என்பேன்.

இன்று மருந்தும் கூடியிருக்கிறது. சர்க்கரைக்காக வந்த டாபாகிளிப்ளோசின், சிறுநீரகத்தையும் இதயத்தையும் சேர்த்தே காக்கிறது என்று பெரிய ஆய்வுகள் காட்டின. இங்கே அதன் காப்புரிமை முடிந்ததால் விலையும் இறங்கிவிட்டது. யாருக்கு ஏற்றது என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும்.

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். அண்ணனிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: சர்க்கரையோ பிரஷரோ இருந்தால், வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கிரியேட்டினின் ஏறும் முன்பே ஆல்புமின் கசியத் தொடங்கிவிடும். கொஞ்சம் கசிந்தாலே இதயத்தையும் பார்த்துக்கொள்ளவேண்டிய நேரம் வந்துவிட்டது.